வாள் ஐயாவும் அரைத் தேசிக்காயும்

லவாலில் தேசிக்காய் தீர்ந்துவிட்டது.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே கழித்தல் பதினெட்டு பாகைக் குளிர். மொன்றியலை ஒட்டிய அந்த நகரில், டயர்க் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தின் முன்னால் இருநூறு தமிழர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையுறைக்குள்ளும் ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சை. உறைந்த தேசிக்காய்க்குப் பலன் பிழைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டதால் சிலர் அதை அக்குளுக்குள் வைத்துக் காத்தார்கள். பிள்ளைக்குத் தொப்பி போட மறந்தவர்கள்கூடத் தேசிக்காய்க்குக் கம்பளி சுற்றியிருந்தார்கள். மூலையில் இருந்த டெபனர் என்ற சில்லறைக் கடைக்காரர், அறுபது வருடமாகப் பிரெஞ்சைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர், "போன்ஜூர், தேசிக்காய்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார். அந்தத் தெருவில் அற்புதம் என்று ஏதாவது நடந்திருந்தால் அது இதுதான்.

மற்றதெல்லாம் உள்ளே, சிவப்புப் பட்டின் மேல் கிடந்தது. ஒரு வாள். அலை அலையாக வளைந்த அலகு. யானைத் தந்தப் பிடி. பிடியின் நுனியில் மூக்கு நீட்டிய ஒரு பறவை.

அதன் கதையை வரிசையில் நின்ற எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து அரசனின் படைத்தலைவன் ஒருவன், பறங்கியர் கையில் அகப்படக்கூடாது என்று அதைக் கடலில் எறிந்தானாம். நானூறு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் துருப்பிடிக்கவில்லையாம். பிறகு தன்பாட்டில் கனடா வந்ததாம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் இங்கே வந்து சேர ஏழு வருடம், மூன்று நாடு, இரண்டு வழக்கு என்று அலைந்தவர்கள். வாளிடம் மட்டும் ஒருவரும் விசா கேட்கவில்லை.

பிடியில் இருந்த பறவை முருகனின் சேவல். அலகின் வளைவு நாகம். அலகு பிடியைச் சந்திக்கும் இடத்தில் தும்பிக்கை மாதிரி ஒரு செதுக்கல்; அது பிள்ளையார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வந்தால் வளைவு நெருப்பாகிவிடும், வாள் மிக்கேல் சம்மனசின் வாளாகிவிடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தெய்வம் போதும் என்று, வாளை வைத்துப் பலன் சொல்லும் வாள் ஐயா என்றைக்கும் கருமித்தனம் பார்த்ததில்லை.

முறை எளிது. தேசிக்காயையும் காணிக்கையையும் கொடுத்துப் பெயரையும் கவலையையும் சொல்ல வேண்டும். வாள் ஐயா அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை வாளியில் எறிவார். வாளைப் பட்டால் மூடி, மந்திரம் சொல்லி, பட்டை எடுத்து, மற்றப் பாதியை அலகில் தேய்ப்பார். கற்பூரச் சூடு காட்டுவார். அலகு வெள்ளியாகவே இருந்தால் யோகம். கறுப்புக் கோடுகள் பாம்பாக நெளிந்து எழும்பினால் நாகதோசம். தோசத்தைத் திருநீறு போட்டு உரசிக் கழற்றுவார். கறுத்த திருநீற்றைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார். இருபத்தொரு நாள் பூச வேண்டும்; முடிய இன்னொரு தேசிக்காயோடு வரவேண்டும்.

இதற்கு மேல் ஒரு உப அற்புதமும் இருந்தது. யோகம் என்றால் சேவல் வாசலைப் பார்க்கும். தோசம் என்றால் சுவரைப் பார்க்கும். பட்டை எடுக்கும்போது அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கவே முன்வரிசையில் இடம் பிடித்தார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி ஜெனாட்டுக்கு ஒன்றும் தெரியாது. வார நாட்களில் மொன்றியல் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்துவது அவன் தொழில். வார முடிவில் ரொக்ஸ்பரோவில் தன் வீட்டு பேஸ்மென்டில் வாள்களைத் திருத்துவது அவன் பைத்தியம். அதுவும் எல்லா வாளும் இல்லை. தெற்குப் பிலிப்பைன்ஸின் தீவுகளில் வாழும் மோரோ என்ற முஸ்லிம் மக்களின் பழைய வாள்கள் மட்டும்.

ஏன் அந்த வாள்கள் என்று கேட்டால் சொல்வான். எது பழையது, எது உல்லாசப் பயணிக்குச் செய்து விற்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்வான். பழைய அலகின் தோள், அதாவது பிடியை ஒட்டிய அகன்ற பாகம், தனித்துண்டு. பொருத்திய இடத்தில் உண்மையான இடைவெளி இருக்கும், புதியதில் சும்மா ஒரு கோடு கீறியிருப்பார்கள். பழைய அலகை வேறு வேறு இரும்புகளை அடுக்கி, காய்ச்சி, அடித்துச் செய்வார்கள். பிடியைக் குங்கிலியம் மாதிரி ஒரு பிசினால் ஒட்டுவார்கள். அலகை மெல்லச் சூடாக்கினால் பிடி கையோடு வரும். இதெல்லாம் கேட்காமலே சொல்வான். ஜெனாட்டிடம் "இது என்ன?" என்று கேட்டவர்கள் மொன்றியலில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அவன் தங்கை செலீன் பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தாள். கார்டெரி என்ற பகல் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள், எளிதில் அழாதவள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, கலியாணம் நிக்கப்போகுது."

"ஆர் சொன்னது?"

"வாள்."

வாளைப் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று இருபது வருடமாக ஏங்கியவன் அவன். கையில் இருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான்.

"எந்த வாள்?"

ஆவணியில் அவளுக்கும் ஆரூரனுக்கும் கலியாணம். மண்டபம் எடுத்தாயிற்று. ஆரூரனின் தாய் குணேஸ்வரி மூன்று கிழமைக்கு முன் செலீனின் பெயரில் தேசிக்காய் கொண்டுபோயிருக்கிறார். வாள் கறுத்துவிட்டது. சேவல் சுவரைப் பார்த்துவிட்டது. பெட்டை வீட்டுக்குள் வந்தால் மகனின் உயிருக்கு ஆபத்து என்று வாள் ஐயா சொல்லிவிட்டார்.

"ஆரூரன் என்ன சொல்லுறார்?"

"அம்மா சொல்லுறதையும் யோசிக்கோணுமாம்."

"மூண்டு கிழமையாவோ?"

"ஓம். இன்னும் யோசிச்சு முடியேல்லை."

கைபேசியில் வாள் ஐயா பலன் பார்க்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். ஜெனாட் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினான். படத்தைப் பெருப்பித்தான். பறவையின் மூக்கு நுனியில், தந்தத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும், இளமஞ்சளாக ஒரு சின்னத் துண்டு.

"செலீன், இது ஆற்றை வாள் தெரியுமோ?"

"யாழ்ப்பாணத்து ராசான்ரையாம்."

"என்ரை."

ஒரு அமெரிக்கப் படைவீரன் நூறு வருடத்துக்கு முன் மின்டனாவோவிலிருந்து ஞாபகமாகக் கொண்டுவந்த வாள் அது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் பொருள் ஏலத்தில் ஜெனாட் வாங்கினான். பிடியிலிருப்பது கொண்டைக்கிளி, அதன் மூக்கு உடைந்திருந்தது. கியூபெக் மேப்பிள் மரத்தில் ஒரு துண்டு செதுக்கிப் பொருத்தினான். நிறம் கொடுத்து மறைக்கவில்லை. பழைய பொருளைத் திருத்துகிறவன் தான் கைவைத்த இடத்தை ஒளிக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. ஆக, முருகனின் சேவல் மேப்பிள் மூக்கோடு லவாலில் அருள் பாலித்துக்கொண்டிருந்தது.

"அப்ப உங்களிட்ட இருந்து களவெடுத்தவரோ?"

"இல்லை. வித்தனான்." ஜெனாட்டின் குரல் இறங்கியது. "ஒண்டரை வருசத்துக்கு முன்னம் றஜிந்தன் எண்டு ஒருத்தர் வந்தவர். காப்புறுதி விக்கிறவர். மூண்டு மணித்தியாலம் இருந்து கேட்டவர். நல்ல மனிசன்."

"என்னத்தைக் கேட்டவர்?"

"எல்லாத்தையும். தும்பிக்கை மாதிரி இருக்கே எண்டார். ஓம், சேகரிக்கிற ஆக்களும் அதை அப்பிடித்தான் சொல்லுறவை எண்டனான். தேசிப்புளி போட்டால் அடுக்கின இரும்பிலை கோடு எழும்பும், ஒரு இரும்பு கூடக் கறுக்கும், மற்றது குறையக் கறுக்கும், சூடு காட்டினால் கெதியா நடக்கும் எண்டும், துருப்பிடிக்காமல் மெழுகு பூசின இடத்திலை புளி பிடியாது எண்டும் செய்து காட்டினனான். சாம்பல் போட்டு உரஞ்சினால் கறுப்புப் போகுமோ எண்டு கேட்டார். நல்ல கேள்வி எண்டு சொன்னனான்." எண்ணெய்த் துணியைத் திரும்பவும் எடுத்தான். "எழுதி எழுதி எடுத்தவர்."

மேலே படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி ஷெரோன் சொன்னாள்: "இருபது வருசத்திலை உங்கட கதையை முழுசாக் கேட்ட ஒரே ஒரு ஆள். அவரும் கள்ளன்."

செலீன் அண்ணனைப் பார்த்தாள். "நீங்கள் அண்டைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால், நான் இண்டைக்குச் சேலை பாத்துக்கொண்டிருப்பன்."

அது வாள் வெட்டைவிட ஆழமாக இறங்கியது.

ஜெனாட் உடனே குணேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தான். மோரோ மக்களில் தொடங்கி மெழுகு வரைக்கும் நாற்பது நிமிடம் பொறுமையாக விளக்கினான். வாங்கிய ரசீது கூட இருக்கிறது என்றான். மறுமுனையில் ஒவ்வொன்றுக்கும் "ம்" கேட்டது. அவனுக்கு நம்பிக்கை வந்தது.

"தம்பி," என்றார் குணேஸ்வரி, "அப்ப அந்த வாள் முதல் உங்கட வீட்டுக்குத்தான் வந்திருக்கு."

"ஓம் அன்ரி."

"உங்களுக்கு அது விளங்கேல்லை. அதுதான் உங்களை விட்டுட்டுப் போட்டுது."

கையில் இருக்கும் ஆதாரத்தையே அற்புதமாக மாற்றிவிடும் திறமை எந்தக் கொல்லனுக்கும் கிடையாது. பக்தருக்கு உண்டு. ஜெனாட் தளரவில்லை. வீடியோ எல்லாவற்றையும் பார்த்து, அறுபது படங்களோடு கணினியில் ஒரு விளக்கவுரை தயாரித்தான். வெள்ளிக்கிழமை செலீன் அதைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடினாள்.

"அண்ணா, ஞாயிற்றுக்கிழமை நானும் மாமியோட பரிகாரத்துக்குப் போறன். நீங்களும் வாங்கோ. ஆனா நீங்கள் ஒரு வசனந்தான் கதைக்கலாம்."

"ஒரு வசனமோ? இரும்பின்ரை அடுக்கைப் பற்றியே—"

"ஒண்டு."

இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. ஒற்றை வசனத்துக்காக ஒரு மனிதன் இப்படிக் கஷ்டப்பட்டதை ஷெரோன் அதுவரை கண்டதில்லை.

ஞாயிறு காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் சப்பாத்து மலை. வரிசையைக் கட்டுப்படுத்தியவர் கணேசலிங்கம். ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி, ஒரு வாரமும் தவறாத பக்தர். வாள் ஐயா மஞ்சள் சால்வையில் அமர்ந்திருந்தார். அவர் வேறு யாருமில்லை, காப்புறுதி றஜிந்தன்தான். முன்பு விபத்துக்கு முன்னால் பணம் வாங்கினார். இப்போது தோசத்துக்குப் பின்னால். ஜெனாட்டைக் கண்டதும் ஒரு கணம் இமைக்க மறந்தார். பிறகு புன்னகைத்தார்.

குணேஸ்வரி தேசிக்காயை நீட்டினார். "செலீன். பரிகாரம் முடிஞ்சுதோ எண்டு பாக்கோணும் ஐயா." பின்னால் ஆரூரன் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெட்டு. ஒரு பாதி வாளிக்குள். பட்டு. மந்திரம். பட்டு விலகியது. கிளி சுவரைப் பார்த்தது. முன்வரிசை "ஐயோ" என்றது. தேய்த்தார், கற்பூரம் காட்டினார். மெல்ல மெல்லச் சாம்பல் நிறம், அதற்குள் கறுப்புக் கோடுகள்.

"தோசம் இறங்கேல்லை அம்மா. கடுமையான நாகம். இந்தச் சம்பந்தம்…" வாள் ஐயா தலையை ஆட்டினார்.

செலீன் அண்ணனைப் பார்த்தாள். ஜெனாட் முன்னால் போனான். வாளிக்குள் கையை விட்டு அந்த அரைத் தேசிக்காயை எடுத்தான். தன் ஒரே வசனத்தைச் சொன்னான்:

"இந்த மற்றப் பாதியை வாளின்ரை மற்றப் பக்கம் தேய்ச்சுக் காட்டுங்கோ."

முன்வரிசை இன்னும் முன்னால் நெருங்கியது.

"அது கழிச்ச பாதி," என்றார் வாள் ஐயா. "மற்றப் பக்கம் அம்மனின்ரை பக்கம். ஒருத்தரும் பாக்கக்கூடாது. கண் போயிடும்."

அப்போதுதான் கணேசலிங்கம் தொண்டையைச் செருமினார். அவர் மனதில் துளி சந்தேகமும் இல்லை. வாளின் மானம் மட்டுமே இருந்தது. "ஐயா, மன்னிக்கோணும். நான் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனான். சேவல் வாசலைப் பாக்கேக்கை எங்களுக்குத் தெரியிறது அந்த மற்றப் பக்கந்தானே? போன கிழமை என்ரை பேத்தியின்ரை பலனை அதிலைதானே பாத்தம்? எங்களுக்குக் கண் போகேல்லை. செய்து காட்டுங்கோவன். வாள் என்ன, பயப்படுமோ?"

"காட்டுங்கோ ஐயா!" என்று பின்னாலிருந்து குரல்கள் எழும்பின. "இவருக்கு வாய் அடைக்கட்டும்!"

ஒரு மோசடிக்காரனுக்குச் சந்தேகக்காரன் பெரிய தொல்லை இல்லை. முழு நம்பிக்கை வைத்தவன்தான் தொல்லை. அவன் எதையும் செய்து காட்டச் சொல்வான்.

கணேசலிங்கமே பக்தியோடு இரண்டு கையாலும் வாளைத் திருப்பி வைத்தார். கிளி வாசலைப் பார்த்தது. வாளைப் புரட்டினால் கிளி மற்றப் பக்கம் திரும்பும் என்பது அந்தக் கணத்தில் அவருக்கே தெரிந்தது. கை அப்படியே நின்றது. ஆறு மாதமாகக் கும்பிட்ட அற்புதத்தை அவர் இப்போது தன் கையாலேயே செய்திருந்தார்.

ஜெனாட் மற்றப் பாதியைத் தேய்த்தான். கற்பூரம் காட்டினான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சாறு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. அலகு பளபளவென்று வெள்ளியாகவே இருந்தது.

"ஒரே தேசிக்காய்," என்றாள் செலீன். "ஒரே பெட்டை. இந்தப் பக்கம் நாகம். அந்தப் பக்கம் யோகம். மாமி, நான் எந்தப் பக்கத்தாலை உங்கட வீட்டுக்கை வாறது?"

"அரைத் தோசம்!" என்றார் வாள் ஐயா சட்டென்று. "சில பேருக்கு அப்பிடித்தான். அரைவாசி உடம்பிலைதான் நாகம் இருக்கும்."

நாலைந்து தலைகள் "அதுவும் சரிதான்" என்று ஆடத் தொடங்கின. ஆடுவதற்கு என்றே பழகிய தலைகள்.

கணேசலிங்கத்தின் தலை ஆடவில்லை. அவர் ஐயாவின் தட்டிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தார். "இது உங்கட பேரிலை ஐயா. நீங்கள் அருள் உள்ள ஆள். ரெண்டு பக்கமும் வெள்ளியாத்தான் இருக்கோணும்."

திருநீற்றால் உரசித் துடைத்துவிட்டு அவரே தேய்த்தார். சுவர்ப் பக்கம்: கறுப்பு. வாசல் பக்கம்: வெள்ளி. பிறகு தன் பெயரில் ஒன்று. அதே கறுப்பு, அதே வெள்ளி. யாரோ ஓடிப்போய் டெபனர்காரரின் பெயரில் ஒன்று வாங்கி வந்தார்கள். லவாலில் பிறந்து வளர்ந்த அந்தப் பாவிக்கும் நாகதோசம்.

ஜெனாட் தன் வசனத்தை முடித்துவிட்டான். பேச அனுமதி இல்லை. பேசாமல் வெள்ளிப் பக்கத்தைப் பெருவிரல் நகத்தால் ஒரு தரம் சுரண்டினான். மெல்லிய மெழுகுச் சுருள் நகத்தோடு வந்தது. அதைக் கணேசலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தான். சுரண்டிய இடத்தில் சாற்றைத் தடவினான். கொஞ்ச நேரத்தில் நகக் கீறல் அளவுக்கு ஒரு நாகம் எழும்பியது.

வாள் ஐயா சால்வையைச் சரிசெய்தார். பின்கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தார். அவர் சப்பாத்து முன்வாசலில், இருநூறு சோடிச் சப்பாத்துக்கு அடியில் கிடந்தது. கழித்தல் பதினெட்டில் வெறுங்காலோடு ஓட அருள் மட்டும் போதாது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மண்டபம் இரைந்தது. "எத்தினை பொட்டலம் பூசினனான்!" என்று ஒருத்தி நெற்றியைத் துடைத்தாள். ஆறு மாதமாக அவள் பூசியது வாளில் உரசிய அழுக்கு.

அந்த இரைச்சலுக்குள் குணேஸ்வரி மெல்ல, யாருக்கென்று இல்லாமல், சொன்னார்: "முதல் நாள் நான் என்ன சொல்லித் தேசிக்காயைக் குடுத்தனான் எண்டு தெரியுமோ? 'பெட்டை வேதக்காரி ஐயா, எனக்கு மனம் ஒப்பேல்லை' எண்டு சொல்லிக் குடுத்தனான்."

வாளுக்குக் காது கிடையாது. ஐயாவுக்கு நல்ல காது. கேட்டவர் எதைக் கேட்க விரும்பினாரோ அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்.

"உங்களுக்கு மனமில்லை எண்டால் எனக்கு முகத்துக்கு நேரை சொல்லுங்கோ மாமி," என்றாள் செலீன். "அதை நான் தாங்குவன். இரும்பிட்டக் கேட்டு அனுப்பாதேங்கோ."

குணேஸ்வரி தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்து அவள் கையைப் பிடித்தார். தேசிப்புளியில் ஒட்டிய கை. "பிழை என்ரைதான் பிள்ளை."

ஆரூரனுக்கு இப்போது குரல் வந்தது. "இது ஆக்களைப் பேய்க்காட்டிற ஏமாத்து வேலை எண்டு எனக்கு அப்பவே தெரியும், செலீன்."

"தெரிஞ்சுகொண்டே நாலு கிழமை பேசாமல் இருந்தனீங்களோ?" அவள் சிரித்தாள், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆவணிக்கு ஆறு மாதம் கிடக்கு. அதுக்குள்ளை ஒரு தரமாவது அம்மாவுக்கு முன்னாலை வாயைத் திறந்து காட்டுங்கோ. பேந்து கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைப்பம். உங்களையும் ரெண்டு பக்கமும் தேய்ச்சுப் பாக்கத்தானே வேணும்?"

பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். அனுமதி.

ஜெனாட்டின் முகம் மலர்ந்தது. இருநூறு பேர்! வாழ்நாள் முழுவதும் கனவு கண்ட சபை. வாளைக் கையில் எடுத்தான். "இதைச் செய்தது மோரோ எண்டு ஒரு சனம். அருமையான கொல்லர். இந்தக் கோடுகள் எப்பிடி வருது எண்டால், முதலிலை ரெண்டு விதமான இரும்பை எடுத்து—"

சனம் சப்பாத்துத் தேடத் தொடங்கியது. பொய்க்காகப் பனியில் மூன்று மணித்தியாலம் நின்ற சனம், உண்மைக்காகச் சூடான மண்டபத்தில் மூன்று நிமிடம் நிற்கவில்லை. கடைசியில் மிஞ்சியவர் கணேசலிங்கம் ஒருவர்தான். மெழுகுச் சுருளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பறவாயில்லை, சொல்லுங்கோ தம்பி. நான் ஆறு மாதம் கும்பிட்டனான். என்னத்தைக் கும்பிட்டனான் எண்டாவது தெரியட்டும்."

அவன் தொடங்குவதற்குள் வாசலில் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பி வந்தார். முகத்தில் ஆவல். "அண்ணை, இது பொய் வாள் எண்டு காட்டிப்போட்டியள். அப்ப உண்மையான வாள் ஆரிட்ட இருக்கு?"

ஜெனாட் அவரை உற்றுப் பார்த்தான். விளக்க நினைத்தான். பிறகு வாளிக்குள் கையை விட்டு, ஒரு அரைத் தேசிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"அடுத்த ஐயா கட்டாயம் வருவார் அம்மா. வரேக்கை இதைக் கொண்டுபோங்கோ. அவர் ஒரு பக்கத்தைக் காட்டுவார். நீங்கள் மற்றப் பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கோ."